ஆம்பூரில் எனக்கொரு சைக்கிள் இருக்கை

சென்னை விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, மடித்து வைத்த சேலைகளுக்கு நடுவிலிருந்து அந்தப் பொருளை எடுத்து மேசையில் வைத்தார். கறுப்பு உறை கிழிந்து, மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்க்கிற பழைய சைக்கிள் இருக்கை.

"இது என்னம்மா?"

"சைக்கிள் சீற்."

"அது தெரியுது. சைக்கிள் எங்க?"

"அது வீட்டிலை நிக்குது."

அவர் என்னையும் பார்த்தார், இருக்கையையும் பார்த்தார். "சீட்டை மட்டும் எதுக்கும்மா தூக்கிட்டு வர்றீங்க?"

"வேலூருக்கு வைத்தியத்துக்குக் கொண்டு போறன்," என்றேன்.

வேலூருக்கு வைத்தியத்துக்கென்று வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர்தான். சிரித்துக்கொண்டே பையை மூடிக் கொடுத்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள ஒரு தீவில் நான் குடும்பநல உத்தியோகத்தர். 'மிட்வைஃப் மிஸ்' என்றால்தான் ஊரில் தெரியும். கர்ப்பிணிகள் இருக்கிற வீடு, பிள்ளை பெற்ற வீடு, நிறை குறைந்த குழந்தை இருக்கிற வீடு என்று நாலு கிராமங்கள் என் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக அந்த ஒழுங்கைகளைச் சைக்கிளில்தான் சுற்றுகிறேன். எங்களில் சிலர் ஸ்கூட்டருக்கு மாறிவிட்டார்கள். நானும் முயன்றேன். மூன்றாம் நாள் ஒரு முடக்குத் திருப்பத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதோடு அந்த ஆசை தீர்ந்தது.

இரண்டு வருடமாக எனக்குச் சைக்கிளில் இருக்க முடியவில்லை. முதலில் எரிவு. பிறகு மரத்துப்போவது. போன மழைக்காலத்தில் புண்ணே வந்துவிட்டது. வலி எந்த இடத்தில் என்று எழுத எனக்கு இப்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது. சைக்கிளில் ஏறிய பெண்கள் எல்லாருக்கும் விளங்கும். விசாரித்தவர்களிடமெல்லாம் "முதுகு நோ" என்றே சொல்லி வந்தேன். எங்கள் பொறுப்பு வைத்தியர் நல்ல மனுஷன். "மிஸ், முதுகு நோவோடை கஷ்டப்பட வேண்டாம். வாற வருசம் நீங்கள் கந்தோரிலை இருந்து பதிவேடு பாருங்கோ," என்றார். எனக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தார். என் நாலு கிராமத்தையும் என்னிடமிருந்து எடுத்துவிடப் போகிறார் என்றுதான் எனக்குக் கேட்டது.

என் தங்கை சுகந்தி சண்டைக் காலத்தில் மாமாவோடு இந்தியாவுக்குப் போனவள். அங்கேயே கலியாணம் முடித்து வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடியில் இருக்கிறாள். அவள் கணவர் தனசேகர் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். அவர்தான் ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். "அக்கா, ஆம்பூர்ல ஒருத்தங்க சைக்கிளுக்குத் தோல் சீட்டு செய்றாங்க. அவங்க ஆளைப் பாத்து அளவெடுத்துச் செய்றவங்க. உங்க பழைய சீட்டையும் எடுத்துக்கினு வாங்க."

இரண்டு கிழமை, பதினாலு நாள், லீவு போட்டேன். கடல் தாண்டி ஒரு சைக்கிள் இருக்கைக்காகப் போன முதல் மிட்வைஃப் நானாகத்தான் இருப்பேன்.

கணியம்பாடியில் இறங்கிய அன்று மத்தியானம் சுகந்தி கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். களியை மெல்லக்கூடாதாம். குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டுமாம். பிட்டை உதிர்த்துக் குழைத்துச் சாப்பிட்டுப் பழகிய எனக்கு முதல் உருண்டை தொண்டையில் நின்று யோசித்தது. மூன்றாவது உருண்டையில் சமாதானமானோம். கருவாடு மட்டும் எங்கள் ஊர் ருசி. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் அதைக் கண்டது ஊராளைக் கண்டது போலிருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் சுகந்தி தன் சைக்கிளை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அதில் தலையணை மாதிரி உப்பிய புது இருக்கை.

"பாருங்கோ அக்கா, உங்களுக்காக மாத்தி வச்சிருக்கிறன். கையை வச்சுப் பாருங்கோ, பஞ்சு மாதிரி."

கையை வைத்தேன். அமுங்கியது. இந்த வசதியெல்லாம் எங்கள் தீவில் ஏன் கிடைக்கவில்லை என்று கூட நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் அந்தச் சைக்கிளில் வயல் பக்கமாகப் போனேன். நெல்லும் நிலக்கடலையும் மாறி மாறி வந்தன. தூரத்தில் வேலூரைச் சுற்றி நிற்கிற மொட்டை மலைகள் வெயிலில் சிவந்தன. எங்கள் தீவில் நிலம் தட்டை. எங்கே பார்த்தாலும் வானம்தான். இங்கே எந்தத் திருப்பத்திலும் ஒரு மலை நின்று, 'எங்கே போகிறாய்?' என்று கேட்கிறது. முதல் கால் மணி நேரம் சொர்க்கம். அரை மணி நேரத்தில் பழைய எரிவு. ஒரு மணி நேரத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் சுகந்தி ஆசையாக நின்றாள். "எப்பிடி அக்கா?" என்றாள். "நல்லாயிருக்கு," என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

மத்தியானத்துக்குப் பிறகு வேலூர் கடைத்தெருவுக்குப் போனோம். கோட்டைக்குப் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அகழித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சைக்கிள் கடைகள் உள்ள தெருவுக்கு நடந்தோம். கடைக்காரர் ஐந்து இருக்கைகளை எடுத்துப் போட்டார். நாலு ஒரே மாதிரி, நிறம்தான் வேறு. "லேடீஸ் சீட்டுன்னா இதாம்மா. மெத்துமெத்துன்னு இருக்கும்," என்றார். ஒன்று மட்டும் கொஞ்சம் கடினமாக இருந்தது. அதைக் காட்டி, "இதைப் பூட்டி ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?" என்று கேட்டேன்.

அவர் திகைத்துப் போனார். "ஏம்மா ஓடணும்? சைக்கிள்ல உக்காந்தே போய்ட்டு வாங்க."

சுகந்தி சிரித்த சிரிப்பில் கடை வேலையாட்களும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் சைக்கிளை ஓடுவோம், இங்கே ஓட்டுகிறார்கள். ஒரு 'ட்'தான் குறைகிறது, அதற்குள் நான் தெருவில் ஓட இருந்தேன். அந்த இருக்கையும் சரிவரவில்லை. அது ஒடுங்கலாக இருந்தது. சுவர் விளிம்பில் இருப்பது மாதிரி.

மூன்றாம் நாள் தனசேகர் லீவு போட்டு என்னை ஆம்பூருக்குக் கூட்டிப் போனார். பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "வண்டி அவ்ளோதான். பின்னாடி வர்ற பஸ்ல ஏறிக்குங்க," என்றார். பின்னால் வந்த பஸ்களில் கால் வைக்க இடமில்லை. வெயிலில் அரை மணி நேரம் நின்ற பிறகு, தோல் துண்டுகள் ஏற்றிய ஒரு சின்ன லாரியைத் தனசேகர் கைகாட்டி நிறுத்தினார். ஓட்டுநர் அவருக்குத் தெரிந்தவராம். முன்னால் ஒருவருக்குத்தான் இடம். தனசேகரை அங்கே ஏறச் சொல்லிவிட்டு நான் பின்னால் மூட்டைகளின் மேல் ஏறினேன்.

"அக்கா, இன்னாக்கா நீங்க, மானத்த வாங்குறீங்க, எறங்குங்க," என்று அவர் கெஞ்சினார். நான் இறங்கவில்லை. படகில் பனை ஓலைக் கட்டின் மேல் இருந்து பிரசவம் பார்க்கப் போனவள் நான். தோல் மூட்டை நெகிழ்ந்து கொடுத்தது, ஆனால் அமுங்கி உள்ளே போகவில்லை. ஆம்பூர் வரும்வரை எனக்கு ஒரு வலியும் இல்லை. ஏன் இல்லை என்று அப்போது யோசிக்கத் தெரியவில்லை. காற்று நன்றாக இருந்தது, பாலாற்று மணல் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது.

ஆம்பூரில் காலை பதினொரு மணிக்கே பிரியாணி வாசனை தோல் வாசனையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. பிரியாணி வென்றது. சீரகச் சம்பா அரிசி, எண்ணெய் மிதக்கிற கத்தரிக்காய்க் கறி, வெங்காயப் பச்சடி. எங்கள் பக்கத்துப் பிரியாணியில் வாசனைச் சாமான்கள் முன்னால் வந்து நிற்கும். இங்கே அரிசியும் இறைச்சியும்தான் பேசுகின்றன. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் நண்பரிடம் உருதில் ஏதோ சொன்னார். தனசேகர் எனக்குச் சொன்னார்: "'அந்தம்மா பேசறது தமிழ்தான், ஆனா சுத்தமா இஸ்திரி போட்ட தமிழ்'ன்றாரு." அந்தப் பாராட்டை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நாங்கள் தேடி வந்த இடம் ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கூடம். உள்ளே ஆறேழு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தம் விடாமல் கேட்டது. சுவரில் வரிசை வரிசையாக மரத்தில் செதுக்கிய இருக்கை அச்சுகள். அவற்றின் மேல் ஈரத் தோலை இழுத்து அறைந்து காயவிட்டிருந்தார்கள். செம்பழுப்பு, தேன், கறுப்பு. தோல் பதனிடும் மரப்பட்டை ஊறப்போட்ட தண்ணீரின் வாசனை மழைக்கு முந்தைய மண் மாதிரி இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சுடிதாருக்கு மேல் தோல் ஏப்ரனும் தலையில் முக்காடும் காதில் பென்சிலுமாக வந்தாள். அவள்தான் நஸ்ரீன். இந்தப் பட்டறையின் சொந்தக்காரி.

"வாங்க. சேகர் அண்ணன் சொன்னாரு. சொல்லுங்கக்கா, எங்க வலிக்குது?"

சுத்தியல்கள் நின்றன. ஆறேழு ஆண்கள் எங்கள் பக்கம் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் அவர்கள் தேநீருக்காகத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

"முதுகிலை," என்றேன்.

நஸ்ரீன் கையை நீட்டினாள். என் பழைய இருக்கையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இருக்கையின் மூக்கை, முன்னால் கூராக நீளும் பகுதியை, ஒரு விரலால் தடவினாள். இடது பக்கம் தேய்ந்து கிழிந்திருந்ததைப் பார்த்தாள். வலது பக்கத்தைப் பார்த்தாள். பிறகு எனக்கு ஒரு மர முக்காலியைக் காட்டி, "உக்காருங்க," என்றாள். நான் இருந்தேன். என்னை அறியாமலே ஒரு பக்கமாகச் சரிந்து, பாதி உடம்பைக் காற்றில் வைத்துக்கொண்டு.

அவள் வேலையாட்களிடம் உருதில் இரண்டு வார்த்தை சொன்னாள். எல்லாரும் வெளியே போனார்கள். "அண்ணே, நீங்களும் போய் டீ சாப்டுங்க," என்று தனசேகரையும் அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் இன்னொரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, முதுகு வலி இருக்கிறவங்க இப்டி உக்கார மாட்டாங்க. நான் சைக்கிள் ஓட்டினதில்ல. ஆனா ஷூ கம்பெனில பதினாலு வருசம் மெஷின்ல உக்காந்தவ. ஸ்டூலு உயரம் ஜாஸ்தி, எனக்குக் கால் எட்டாது. நுனில உக்காந்து உக்காந்து எனக்கு இன்னா ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும். யார்கிட்ட போய்ச் சொல்றது? சூப்பர்வைசர் ஆம்பள. இடுப்பு வலின்னு சொல்லி லீவு போடுவேன். நீங்க முதுகுன்றீங்க, நான் இடுப்புன்னேன். அவ்ளோதான் வித்தியாசம்."

நான் தினமும் எத்தனை பெண்களிடம் கேட்கிறேன்! தையல் போட்ட இடம் எப்படி இருக்கு, எரியுதா, இரத்தம் போகுதா, வெட்கப்படாமல் சொல்லம்மா, என்னட்டைச் சொல்லாமல் ஆரிட்டைச் சொல்லப் போறாய்? இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்குச் சொன்ன அந்த வசனத்தை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எரிவு, மரத்துப்போவது, புண், வீட்டுக்கு வந்து குப்புறப் படுப்பது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவள் தடுக்கவில்லை. ஏப்ரனின் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். அதில் தோல் மெழுகு வாசனை அடித்தது.

நான் மூக்கைத் துடைத்து முடித்ததும் அவள் எழுந்தாள். "செரி, இப்ப வேலையப் பாப்போம்."

தண்ணீரில் ஊறிய ஒரு தடித்த தோல் துண்டை மரப் பலகையில் விரித்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டாள். "சைக்கிள்ல எப்டி உக்காருவீங்களோ அப்டி உக்காருங்க. குனிஞ்சா, நிமிந்தா?" நிமிர்ந்துதான் என்றேன். எங்கள் ஊர்ச் சைக்கிளில் கைபிடி உயரம். "அப்ப பாரம் மொத்தமும் சீட்டு மேலதான். குனிஞ்சு ஓட்டறவங்களுக்குக் கைல கொஞ்சம் போவும். அவங்களுக்குக் குறுகலா இருந்தா போதும். உங்களுக்கு அகலம் வேணும்."

ஐந்து நிமிடம் இருந்தேன். எழுந்தபோது தோலில் இரண்டு குழிகள், கட்டைவிரலால் அமுக்கிய மாதிரி. நஸ்ரீன் அளவுகோலை வைத்தாள். "பாத்தீங்களா? இதான் உக்கார்ற எலும்பு. இந்த ரெண்டு எலும்பும் சீட்டு மேல நல்லா ஒக்காரணும். உங்க பழைய சீட்டு இதவிடக் குறுகல். எலும்பு ரெண்டும் வெளிய தொங்குது, பாரமெல்லாம் நடுவுல இருக்கிற சதைல விழுது."

"அப்ப அந்தப் பஞ்சு சீற்? அது அகலம்தானே?"

"மெத்தைல உக்காந்தா எலும்பு உள்ள போயிடும். நடுவுல இருக்கிற பஞ்சு மேல வந்து முட்டும். எலும்பு பாரத்தத் தாங்கும்க்கா, சதை தாங்காது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இடுப்பெலும்பின் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வகுப்புகளில் இருந்திருக்கிறேன்! குழந்தையின் தலை எந்த வழியாக இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதே எலும்பின் மேல்தான் நான் தினமும் இருக்கிறேன் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

நஸ்ரீன் இன்னும் தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடது குழி ஆழமா இருக்கு. அந்தப் பக்கம் இன்னாவாவது சுமக்கிறீங்களா?"

குழந்தை நிறுக்கும் தராசு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பதிவேடுகள் எல்லாம் போட்ட பை, இருபத்திரண்டு வருடமாக என் இடது தோளில்தான் தொங்குகிறது. சொன்னேன்.

"மொதல்ல அத எறக்கி கேரியர்ல கட்டுங்க. இல்லன்னா தங்கத்துல சீட்டு செஞ்சாலும் வேஸ்ட்டு."

நாலு நாளில் வரச் சொன்னாள். அந்த நாலு நாளும் நான் ஊர் பார்த்தேன். சுகந்தியோடு ஆற்காட்டுக்குப் போய் மக்கன் பேடா சாப்பிட்டேன். பார்க்க எங்கள் ஊர்க் கடை குலாப்ஜாம் மாதிரிதான். உள்ளே முந்திரியும் உலர்பழமும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றோடு நிறுத்துவேன் என்று சொல்லி மூன்று சாப்பிட்டேன். இன்னொரு நாள் தனசேகரின் கம்பெனி விடும் நேரத்தில் வாசலுக்கு எதிரே நின்றேன். சங்கு ஊதியதும் கதவு திறந்து பெண்கள் வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். பூவும் அடையாள அட்டையுமாக, முக்காடும் டிபன் பையுமாக, தமிழிலும் உருதிலும் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டு. உலகத்தில் யார் யாரோ போட்டு நடக்கிற சப்பாத்துகளை முழுநாளும் இருந்து தைத்துவிட்டுப் போகிறார்கள். பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுகிறவர்களை விட, ஆறுதலாக, அவசரமில்லாமல் நின்று இடுப்பில் கைவைத்து முதுகை வளைத்து நிமிர்த்தியவர்களையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொன்ன நாளில் இருக்கை தயாராக இருந்தது. தேன் நிறம். பின்னால் அகலம், முன்னால் குறுகல், நடுவில் நீளமாக வெட்டிய ஒரு பிளவு. செம்பு ஆணிகளால் இரும்புச் சட்டத்தில் அறைந்து, கீழே இரண்டு சுருள் வில். விரலால் தட்டினால் மேளம் மாதிரி 'டும்' என்றது. இவ்வளவு இறுக்கமான பொருளின் மேலா இருக்கப் போகிறேன் என்று பயம் வந்தது. பட்டறைச் சைக்கிளில் அதைப் பூட்டினார்கள். நஸ்ரீன் உயரத்தையும் சாய்வையும் பார்த்தாள். மூக்கு மேலே நிமிர்ந்தால் குத்தும், கீழே சரிந்தால் வழுக்கிக் கையில் பாரம் விழும், மட்டமாக இருக்க வேண்டும் என்றாள்.

அன்று நான் சேலையில் போயிருந்தேன். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பி வருவதற்குள் உள்தொடை இரண்டும் உராய்ந்து எரிந்தன. எலும்பு வலிக்கவில்லை, இது புது இடம். முகத்தைப் பார்த்ததுமே நஸ்ரீனுக்கு விளங்கிவிட்டது.

"இப்ப எங்க?"

இந்த முறை உடனே சொன்னேன். கதவு திறந்துதான் இருந்தது.

அவள் என் சேலையைப் பார்த்தாள். "வேலைக்கு சாரியிலதான் போவீங்களா?"

"ஓம். வெள்ளைச் சேலை."

"யா அல்லா! அளவு குடுக்க வந்தன்னிக்கு சுடிதார்ல வந்தீங்க. சாரின்னு சொல்லவே இல்லியே. கொசுவம் மொத்தமும் ரெண்டு தொடைக்கு நடுவுல இருக்கு, மூக்கு அகலமா இருந்தா பேஜாராதானே ஆவும்?"

முதல் நாள் நான் சுகந்தியின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனது எனக்கே அப்போதுதான் நினைவு வந்தது. நஸ்ரீன் இருக்கையைக் கழற்றினாள். சலித்துக்கொள்ளவில்லை. கூர்மையான கத்தியால் மூக்கின் இரு பக்கமும் தோலைச் சீவினாள். ஓரத்தைக் கீழ்ப்பக்கமாக மடக்கினாள். மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து விளிம்பை உருட்டினாள். பக்கங்கள் விரியாமல் இருக்க அடியில் துளையிட்டுத் தோல் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல பிரசவத் தாதிமார் வேலை செய்யும்போது இப்படித்தான் இருப்பார்கள். அவசரம் தெரியாது, ஆனால் கை ஒரு கணமும் சும்மா இராது. நான் தேநீரைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு மாசம் கொஞ்சம் கெட்டியாதான் இருக்கும்," என்றாள் முடித்துவிட்டு. "அப்பறம் உங்க எலும்புக்குக் குழி விழுந்துடும். வேற யாருக்கும் குடுக்காதீங்க. மழைல நனைய விடாதீங்க. தோல் தொங்குற மாதிரி இருந்தா முன்னாடி இந்த போல்ட்ட அரைச் சுத்து திருப்புங்க."

மறுநாள் அதைச் சுகந்தியின் சைக்கிளில் பூட்டி, சேலை கட்டிக்கொண்டு, ஒரு பையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனியாகத் திமிரிப் பக்கம் புறப்பட்டேன். மோட்டார்க் கொட்டகைகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊருக்கு?" என்று கத்தினார்கள். "திமிரிக்கு!" என்று நானும் கத்தினேன். ஒருத்தி ஓடிவந்து ஒரு கொத்துப் பச்சைக் கடலையைச் செடியோடு என் கூடைக்குள் போட்டுவிட்டுப் போனாள். திமிரிக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் காற்றுப் போனது. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே இருக்கையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கல்லு மாதிரி இருக்கு? இதுல உக்காந்தா வர்றீங்க? எங்கருந்து?"

"கணியம்பாடியிலை இருந்து."

"அவ்ளோ தூரமா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது கிலோமீற்றருக்கு மேல் வந்திருக்கிறேன். கடலை பிடுங்கிய பெண்களை நினைத்தேன், மலைகளை நினைத்தேன், மதியச் சாப்பாட்டை நினைத்தேன். இருக்கையை ஒருமுறைகூட நினைக்கவில்லை. தெரியாத ஊரின் பஞ்சர் கடை வாங்குப் பலகையில் இருந்து பச்சைக் கடலையை உடைத்துத் தின்றுகொண்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் நேராக இருந்தேன்.

புறப்படும் முன் நஸ்ரீனிடம் விடைபெறப் போனேன். கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய உள்ளங்கை தோலைவிடக் கரடு. என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நீர் ஒரு நல்ல மிட்வைஃபாய் வந்திருப்பீர்," என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ரத்தம் பாத்தா மயக்கம் போட்டுடுவேன்க்கா. எனக்குத் தோலே போதும்."

தீவுக்குத் திரும்பிய மறு கிழமை எங்கள் மிட்வைஃப்மாரின் மாதாந்தக் கூட்டம். வைத்தியர் கந்தோர் வேலைப் பேச்சை எடுத்தார். நான் எழுந்தேன். "டொக்டர், எனக்கு முதுகு நோ இல்லை. சீற் பிழையாயிருந்தது. இப்ப மாத்தியாச்சு. என்ரை கிராமங்களை நானே பாக்கிறன்," என்றேன். அவர் கொஞ்சம் விழித்துவிட்டு, சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். அவர் போன பிறகு, நாங்கள் பெண்கள் மட்டும் தேநீரோடு இருந்தபோது, எங்கே வலித்தது என்பதையும், ஈரத் தோலில் விழுந்த குழிகளையும், நான் அழுததையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

ஒருத்தி கோப்பையைப் பார்த்தாள், ஒருத்தி யன்னலைப் பார்த்தாள். ஏன்தான் சொன்னேனோ என்று இருந்தது.

எங்களில் மூத்தவர் பவளமக்கா. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான். ஸ்கூட்டருக்கு முதன்முதலில் மாறியவர். அதற்காக நாங்கள் எல்லாரும் அவரை 'மொடேர்ன்' என்று பகிடி பண்ணியிருக்கிறோம். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் ஏன் ஸ்கூட்டர் எடுத்தனான் எண்டு நினைக்கிறியள்?" என்றார்.

மூலையில் இருந்தவள் மெதுவாக, "எனக்கும்தான் அக்கா," என்றாள். பிறகு இன்னொருத்தி. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். பூசிய மருந்துகள், போட்ட துணிகள், வீட்டில் சொன்ன பொய்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒருத்தி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி களஞ்சிய அறையிலிருந்து, அமுக்கினால் குழி விழுகிற நெளியட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பிரித்து, கதிரையில் போட்டாள்.

பவளமக்கா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, அட்டையின் மேல் நிமிர்ந்து இருந்தார். "எவ்வளவு நேரம் இருக்க வேணும்?" என்றார்.

"அஞ்சு நிமிசம்," என்றேன், அளவுகோலைத் தேடிக்கொண்டு.